சாம்பலில் கோடு போட்ட வீடு

நேற்றுக் காலை பிள்ளைக் காம்பராவில் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தபோது, நோர்வூட் பஸ்ஸில் வந்த ஒருவர் சேதி சொன்னார். லூர்தம்மா அக்கா காலமாகிவிட்டார்கள். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை அந்தக் காம்பராவில் அவர்களும் நானும் பதினொரு வருடம் சேர்ந்து பார்த்துக்கொண்டோம். அழுது தீர்த்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் அவர்கள் வீடு தேடிய கூத்துத்தான் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வருகிறது!

அவர்களுடைய வீட்டுக்காரர் சூசை அண்ணன் தோட்டத்து வேலையிலிருந்து நின்றுவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போய்விடும். அதற்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அக்கா அப்போதே, வீடு வாங்கக் கேட்பார்கள் என்று, பிரஜாவுரிமைப் பத்திரத்தைத் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டு வேலையில் இறங்கிவிட்டார்கள்.

"இப்பவே என்னக்கா அவசரம்?" என்றேன்.

"வீடு பாக்கப் போறதுக்கு முன்னாலயே நமக்கு என்ன வேணும்னு தெரியணும்டி. இல்லாட்டி விக்கிறவன் காட்டுறதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வந்துருவோம்."

பிள்ளைகள் போனதும் முற்றத்தில் அடுப்புச் சாம்பலால் கோடு போடுவார்கள். இது கூடம், இது அறை, இது சமைக்கிற குசினி. சூசை அண்ணனைக் கட்டிலாகப் படுக்கவைத்தார்கள். நான் அலமாரி. குடத்தோடு நடந்து பார்த்து, என் மேல் இடித்தால் கோட்டை அழித்து மறுபடி போடுவார்கள். மழை பெய்து கரைத்தாலும் மறுநாள் புதிதாகப் போடுவார்கள். கடைசியில் அந்த வீடு எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் தேடப் போனோம். தண்ணீர் தூரம் என்று ஒரு வீட்டை விட்டார்கள், அறை இருட்டு என்று இன்னொன்றை. "இந்தம்மாவுக்குப் பங்களாவே கெடைச்சாலும் ஒத்துக்காது" என்று அண்ணன் முணுமுணுத்தார்.

நோர்வூட்டில் ஒரு வீடு எங்கள் சாம்பல் கோட்டோடு காலடிக் கணக்குப் பிசகாமல் பொருந்தியது. நான் அலமாரி நிற்கும் இடத்தில் போய் நின்றே பார்த்தேன்! ஆனால் குசினிக்குள் போன அக்கா அப்படியே நின்றுவிட்டார்கள். பின்சுவரில் ஒரு கதவு.

"இதுக்கு அந்தாண்ட எந்தக் குடும்பம் இருக்கு? பங்கு வீடு நமக்கு வேணாம், வாங்க போவோம்."

விற்க வந்த பெரியவர் சிரித்துவிட்டார். "யாரும் இல்லம்மா. இது பின்கதவு." தாழ்ப்பாளைத் தள்ளினார். வெளியே கொய்யா மரமும் வெயிலும்தான்.

எங்கள் லயத்தில் அறைகள் முதுகோடு முதுகு ஒட்டியவை. பின்சுவருக்கு அப்பால் எப்போதும் இன்னொரு குடும்பம் இருக்கும். இரண்டு வருடம் போட்ட கோட்டில் ஒரே ஒரு கதவுதான் வைத்திருந்தோம், பின்னாலும் ஒன்று வைக்கலாம் என்று மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை. அக்கா பின்கதவால் வெளியே போனார்கள், சுற்றி வந்து முன்கதவால் நுழைந்தார்கள், மறுபடியும் போனார்கள். "அடியே, ரெண்டு வாசல்டி நமக்கு!" என்று கத்தினார்கள். அந்த வீட்டையே வாங்கினார்கள். அதன் பிறகு பகலில் அந்தக் கதவைச் சாத்த யாரையும் விட்டதில்லை.

நேற்று அந்த வீட்டுக்குப் போனபோது முன்வாசலில் கூட்டம். குசினிக்குப் போனேன். யாரோ பின்கதவைச் சாத்தியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. விரியத் திறந்து, கல் ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்தேன்.

போயிட்டு வாங்கக்கா. ரெண்டு வாசலும் தொறந்துதான் இருக்கு.