மயிலுக்குக் கீழே என் மகள் பேர்

இன்று மகள் பள்ளியில் கண்காட்சி. சென்னைக் கலைக்கூடத்துக்காரர்கள் போன வாரம் வந்து, "பழைய சாமான வச்சு மனசுல தோணுறதைச் செய்யுங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார்கள்.

என் மகள் ஒட்டன்சத்திரத்து வெங்காயச் சாக்கைக் கிழித்து எங்கள் வீட்டு எருமையைச் செய்தாள். ஒரு கொம்பு மேலே, ஒரு கொம்பு கீழே. அசல் அதேதான்.

போய்ப் பார்த்தால் எருமையைக் காணோம். அவள் பேருக்கு மேலே தெர்மாகோல் மயில் நிற்கிறது.

"என்ன டீச்சர், எங்க எருமை மயிலாயிருச்சு?"

"சாக்கு அசிங்கமா இருந்துச்சும்மா. வாரவங்க நம்ம ஸ்கூலப் பத்தி என்ன நெனப்பாங்க? எல்லாருக்கும் நானே செஞ்சு வச்சுட்டேன்."

"அப்ப உங்க பேரையே ஒட்டுங்க. எம்புள்ள பேரை எடுங்க."

எடுக்கவில்லை.

அதற்குள் கலைக்கூடத்து அம்மா வந்து, "எப்படிம்மா செஞ்சே?" என்று மகளிடம் கேட்டார். டீச்சர் கண்ணை உருட்டினார். "பசை வச்சு ஒட்டுனேன் மிஸ்" என்றாள் என் பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டே.

கைதட்டினார்கள். பொய் சொல்லவா பள்ளிக்கு அனுப்புகிறேன்?

உங்கள் ஊரிலும் டீச்சர்மார் இப்படித்தானா? சொல்லுங்கள். அம்புட்டு மயிலையும் சேர்த்து அவர்களுக்கென்று தனியாக ஒரு கண்காட்சி வைப்போம். பிள்ளைகள் வந்து மார்க் போடட்டும்.