ரெபெக்கா ஜெபத்தில் சொன்ன பெயர்கள்

கிருபாராணி பின்பக்கத்து பேட்டியோவில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின்மேல் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சமையலறையில் வைத்துக் கழுவினால் வாடை லேசில் போகாது. மாடி வீட்டு வெள்ளைக்காரி ஒருமுறை அபார்ட்மென்ட் லீசிங் ஆபீஸுக்கே போன் பண்ணிவிட்டாள். அதிலிருந்து மீன் வேலை எல்லாம் வெளியேதான், அக்டோபர் குளிரானாலும். செதிலைச் சுரண்டி, தலையையும் செட்டையையும் கத்தரிக்கோலால் நறுக்கி, குடலை எடுத்துச் சட்டியில் போட்டாள். விரல் நுனிகள் விறைத்திருந்தன.

ஏசுராஜ் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

“இவ்ளோ மீனா? உன் தங்கச்சி கனடாவிலேருந்து வாறாளா, பட்டினி கிடந்து வாறாளா?”

“பேசாம தண்ணிய ஊத்துங்க.”

“ஊத்துதேன். ஆனா மீனைக் குடுத்து மயக்கிக் கேக்கக் கூடாது. உள்ளத உள்ளபடி சொல்லணும் அவ.”

அவன் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. அவனுடைய கம்பெனிக்கு மிசிசாகாவிலும் ஆபீஸ் இருந்தது. அங்கே மாறிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். லாங் வீக்கெண்ட் முடிந்து செவ்வாய்க்கிழமை பதில் சொல்ல வேண்டும். நியூஜெர்சிக்கு வந்து பதினாறு வருஷம் ஆகியும் கிரீன் கார்டு வரிசையில் அவர்கள் முறை வரவில்லை. ஒரு வயதில் இடுப்பில் தூக்கிவந்த மகள் ரெனிஷாவுக்கு இப்போது பதினேழு. இருபத்தொன்று முடிந்தால் அப்பாவின் விசாவிலிருந்து அவள் கழன்றுபோவாள். பிறகு தனியாக விசா தேட வேண்டும். கனடாவில் அந்தத் தலைவலி இல்லை. ஆனாலும் ஏசுராஜுக்குப் பழகிய இடத்தைவிட்டுப் பெயர மனம் வரவில்லை. பல நாள் பேச்சுக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தான்.

“ரெபெக்கா கொள்ளாம்னு சொல்லட்டும். நான் ஓகே சொல்லிருதேன்.”

மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு நல்ல கறியும் கொள்ளாம், நல்ல மாப்பிள்ளையும் கொள்ளாம், நல்ல ஊரும் கொள்ளாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கிருபாராணி மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

அக்காவும் தங்கையும் ஒரே மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படித்தவர்கள். பிரசவ வார்டில் ஒரே ஷிப்ட் கேட்டு வாங்கி வேலை பார்த்தவர்கள். கிருபாராணி கல்யாணமாகி, கைப்பிள்ளையோடு அமெரிக்கா வந்தாள். வந்த விசாவில் வேலை பார்க்க முடியாது. வேலை பார்க்க அனுமதி கிடைத்த காலத்தில், மறுபடி பரீட்சை எழுதும் தெம்பு போயிருந்தது. இப்போது பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு டேகேரில் உதவியாளர். பிள்ளைக்கு மேல் சுட்டால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, தாய்க்குப் போன் பண்ணுவதோடு அவள் வேலை முடிந்தது. என்றாலும் போன் பண்ணிவிட்டு வந்து, யாரும் பார்க்காதபோது, பிள்ளையின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடி பார்ப்பாள். வைக்காமல் இருக்க அவளுக்குத் தெரியவில்லை.

ரெபெக்கா இங்கிலாந்துக்குப் போனாள். லெஸ்டரில் பன்னிரண்டு வருஷம். ஒரு வார்டுக்கே பொறுப்பான சிஸ்டர் ஆனாள். அவளும் கணவன் ஆட்ரியனும் பிரிட்டிஷ் குடிமக்கள் ஆனார்கள். மகள் ஜெமிமா அங்கேயே பிறந்தாள். எல்லாம் ஒழுங்காய்ப் போய்க்கொண்டிருந்தபோது, மூன்று வருஷத்துக்கு முன், வீட்டை விற்றுவிட்டுக் கனடாவில் ஒஷாவாவுக்குப் போய்விட்டார்கள். ஆட்ரியனின் யோசனை அது. “இங்கேருந்து உங்க வீடு ஒருநாள் டிரைவ்தான் எக்கா” என்று ரெபெக்கா போனில் சொன்ன அன்று கிருபாராணி டேகேர் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அழுதாள். ஒருநாள் டிரைவ் ஒருமணி டிரைவாக வேண்டும், தானும் மறுபடி யூனிஃபார்ம் போட வேண்டும். அங்கே அதற்கு ஏதோ கோர்ஸ் இருக்கிறது என்று ரெபெக்கா ஒருமுறை சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு அதைப்பற்றிப் பேச்செடுத்தால் ஜெமிமாவின் ஹாக்கி பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

சாயங்காலம் கார் வந்து நின்றது. ரெபெக்கா இறங்கினாள். கட்டிப்பிடித்தபோது அவள் தோளெலும்பு கிருபாராணியின் கையில் தட்டியது.

“என்னட்டி இப்படி மெலிஞ்சு போன?”

“ஜிம்முக்குப் போறேன் எக்கா.”

“பொய்” என்றான் ஆட்ரியன், பெட்டியை இழுத்துக்கொண்டே. “ஜிம் கார்டு என் பர்ஸுல கிடக்கு மைனி. நானும் போறதில்ல, அவளும் போறதில்ல.”

சாப்பாட்டு மேசையில் பேச்சு முழுவதும் ஆட்ரியனுடையது. லெஸ்டரில் அவன் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினான். ஒஷாவாவில் கார் பாகங்கள் டெப்போவில் சூப்பர்வைசர்.

“பேஸ்மென்ட் மட்டும் லெஸ்டர் வீடு முழுசு அளவு இருக்கும் அண்ணே. அங்க எந்நேரமும் மழை. கார் நிறுத்தக்கூட இடம் கிடையாது. இங்க ஸ்னோதான், ஆனா வெயில் அடிக்கும் பாருங்க, கண்ணு கூசும்.”

“அவ்ளோ பெரிய பேஸ்மென்ட்ல யாரு இருக்கா?” என்றான் ஏசுராஜ்.

“வீட்டச் சூடாக்குற ஃபர்னஸ் இருக்கு” என்றாள் ரெபெக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

கிருபாராணி சமயம் பார்த்துத் தங்கையின் தட்டில் இன்னொரு மீனை வைத்தாள். “அப்ப கொள்ளாம் என்னட்டி, கனடா?”

“மீன் கொள்ளாம் எக்கா. குடம்புளி எங்க வாங்கின?”

“நான் மீனைக் கேக்கல்ல.”

“எடிசன்ல நம்மூர்க் கடையில கிடைக்குமா?” என்று ரெபெக்கா ஏசுராஜைப் பார்த்தாள். “அத்தான், நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க.”

பாத்திரம் கழுவும்போது கிருபாராணி இன்னொரு தடவை கேட்டாள். ரெபெக்கா டிஷ்வாஷரில் தட்டுகளை அடுக்கியபடி, பிரிட்ஜ்மேல் இருந்த பிளாஸ்டிக் டப்பா நல்லா இருக்கிறது என்றாள்.

பிறகு குடும்ப ஜெபம். அந்த வீட்டில் சாப்பிட்டதும் அது உண்டு. விருந்தாளி வந்தாலும் நிற்காது. ரெனிஷா ஒரு அதிகாரத்தை இங்கிலீஷில் வாசித்தாள். அதன்பின் ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். மேசையில் பேசிய பேச்சு ஜெபத்தில் வராது. அங்கே எல்லாரும் வேதாகமத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். ஆட்களைப் பேர்பேராகச் சொல்லி ஜெபிப்பதும் ஊர்ப் பழக்கம்தான். பேர் சொல்லி ஜெபித்தால்தான் ஜெபம் என்று அவர்கள் அம்மா சொல்லிவைத்திருந்தாள்.

கிருபாராணியின் முறை வந்தது. பிரயாணத்தில் காத்ததற்கு ஸ்தோத்திரம் சொன்னாள். டேகேர்ப் பிள்ளை ஆர்யனின் இளைப்புக்காக வேண்டினாள். ஸ்னோவில் ஓட்டப் பயப்படும் தன்னைத் தன் காரில் கூட்டிப்போகிற பக்கத்துக் கட்டட அனந்தலக்ஷ்மி ஆன்ட்டியின் கண் ஆபரேஷனுக்காக வேண்டினாள். அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால், மனுஷியிடம் கேட்டுப் பதில் கிடைக்காததை, அந்த மனுஷியின் காதில் விழும்படி ஆண்டவரிடம் கேட்டாள்.

“கர்த்தாவே, நாங்கள் கனடா தேசத்துக்குப் போக வேண்டுமோ, இங்கேயே தரித்திருக்க வேண்டுமோ, உமது சித்தத்தை என் தங்கச்சியின் வாயாலே எங்களுக்குத் தெரியப்படுத்தும்.”

ஏசுராஜ் இருமினான். யாரோ நாற்காலியில் அசைந்தார்கள்.

அடுத்தது ரெபெக்கா.

“எங்கள் நல்ல பிதாவே” என்றாள். அக்கா குடும்பத்துக்காக இரண்டு வரி ஜெபித்தாள், பொதுவாக. பிறகு குரல் தன் பாட்டுக்கு ஓடத் தொடங்கியது. வருஷக்கணக்காக ஓடிய தடம். வார்டில் இருக்கிற ஃபிலோமினா சிஸ்டருக்காக, அவள் மகனுக்காக. மூலைக்கடை நூர்ஜஹான் ஆன்ட்டியின் சர்க்கரைக்காக. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை ரோடு கடத்திவிடும் கெவினுக்காக. “பக்கத்து வீட்டு டோரீன் அம்மாளின் முழங்காலைத் தொடும் ஆண்டவரே. படி ஏறி இறங்கப் பெலன் தாரும்.”

கண்ணை மூடியிருந்த கிருபாராணிக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் தெரியும். லெஸ்டர் காலத்துப் போன் பேச்சில் தினம் வந்தவர்கள். எல்லாரும் லெஸ்டர்க்காரர்கள். ஒஷாவாக்காரர் ஒருவர் பெயராவது இப்போது வரும் என்று காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிற ஒருத்தி. சர்ச்சில் ஒருத்தி. எதிர்வீடு. ரெபெக்கா “ஆமென்” என்று முடித்துவிட்டாள்.

“மம்” என்றாள் ஜெமிமா. “டோரீன் இஸ் டெட். லாஸ்ட் விண்டர். யூ சென்ட் ஃப்ளவர்ஸ்.”

ரெபெக்கா மகளைப் பார்த்தாள். “ஆமா” என்றாள். “ஆமால்லா.”

“பழக்கத்துல வாறதுதான்” என்றான் ஆட்ரியன். அவன் முகம் சிவந்திருந்தது. மனைவியின் தோளில் கையை வைத்தான். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

படுக்கப் போகும்போது ஏசுராஜ் மெல்லக் கேட்டான். “உன் தங்கச்சி ஆர்.சி. ஆயிட்டாளா? செத்தவங்களுக்கெல்லாம் ஜெபம் பண்ணுதா.”

“சும்மா கிடங்க.”

“சரி. கேட்ட கேள்விக்கு ஆண்டவர் பதில் சொல்லிட்டாரு போலயே?”

“அவ ஒண்ணும் சொல்லல்ல” என்று கிருபாராணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச், எடிசனில் கடை, ரெனிஷாவும் ஜெமிமாவும் இங்கிலீஷில் ஓயாமல் பேசிய பேச்சு என்று போயிற்று. இரண்டு பெண்களும் ஒரே மாதிரி சிரித்தார்கள். ஜெமிமாவின் பேச்சில் பாதி லெஸ்டர், பாதி கனடா. ரெனிஷா அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். இவர்கள் ஒரே ஊரில் வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று கிருபாராணி கடைக்கூடையைத் தள்ளியபடி நினைத்தாள். கூடவே, வேண்டாத விருந்தாளி போல இன்னொரு நினைப்பும் வந்தது. நேற்று தன் வாயிலிருந்து வந்த பெயர்கள். ஆர்யனும் அனந்தலக்ஷ்மி ஆன்ட்டியும். இந்த ஊரில் தனக்கு என்ன இருக்கிறது என்று பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

திங்கட்கிழமை காலை ஆட்ரியன் காரில் சாமான்களை ஏற்றினான். அக்காவும் தங்கையும் ரெனிஷாவின் அறையில், விருந்தாளிகள் படுத்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு முனை. ஆஸ்பத்திரியில் மடித்த அதே மடிப்பு. யாரும் யாரையும் பார்க்காமல் கைகள் ஒன்றாக மேலே போய் ஒன்றாக இறங்கின.

“எக்கா.”

“சொல்லுட்டி.”

“ஆட்ரியனுக்கு அங்க கொள்ளாம். நிஜமா. லெஸ்டர்ல அவரு சிரிச்சு நான் பாத்ததில்ல. ஜெமிமாவுக்கும் கொள்ளாம். திரும்பிப் போவோம்னு வாயத் தொறந்தா அவ என்னைக் கொன்னு போடுவா.”

“உனக்கு?”

ரெபெக்கா விரிப்பின் ஓரத்தை நீவினாள். “ஆஸ்பத்திரியில குறை சொல்ல ஒண்ணும் இல்ல. நல்ல ஆளுக. ஆனா நான் புதுசு. இருபது வருஷம் வேலை பாத்துட்டு மறுபடி புதுசு. லெஸ்டர்ல டாக்டர்மாரு ‘ரெபெக்கா, வாட் டூ யூ திங்க்’னு கேப்பாங்க. இங்க ஒரு சின்னப் பொண்ணு எனக்கு டிரிப் போடுறத எப்படின்னு காட்டித் தந்தா. நானும் பாத்துக்கிட்டு நின்னேன்.”

“அதெல்லாம் போகப் போகச் சரியாயிரும்.”

“அது சரியாயிரும். ஷிப்ட் முடிஞ்சு வந்தா தெருவுல ஒரு மனுஷர் கிடையாது. எல்லாரும் காரோட கராஜுக்குள்ள போய் ஷட்டரப் போட்டுருவாங்க. பக்கத்து வீட்டுக்காரரு ஸ்னோ தள்ளும்போது கையக் காட்டுவாரு. நானும் காட்டுவேன். மூணு வருஷமா. பேரு தெரியாது. இப்ப போயி எப்படிக் கேக்க?”

கிருபாராணிக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். “இத்தன நாளு போன்ல ஏம்ட்டி இதச் சொல்லல்ல? நான் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுக் கேட்டேன்லா?”

“சொன்னா நீ வரமாட்டியே.”

கிருபாராணி தன் கையிலிருந்த முனைகளைத் தங்கையின் கையில் கொடுக்க மறந்து நின்றாள்.

“கொள்ளாம்னு பொய் சொல்லவும் முடியல” என்றாள் ரெபெக்கா. “நீ அத நம்பி, ரெனிஷாவையும் கூட்டிட்டு வந்து, அங்க ஜன்னல்கிட்ட நின்னு அந்தக் காலித் தெருவப் பாத்துட்டு, என்னைப் பாப்ப. அதான் பேச்ச மாத்திக்கிட்டே இருந்தேன். ஆனா நீ வந்தா கொள்ளாம் எக்கா. நீ ஒருமணி தூரத்துல இருந்தா போதும். எனக்கு அதுவும் ஒரு ஊரு ஆயிரும்.”

கிருபாராணி அந்த முகத்தைப் பார்த்தாள். இந்தச் சொல்லைக் கேட்கத்தான் இவ்வளவு காலம் காத்திருந்தாள். கேட்டும் ஆயிற்று. நெஞ்சு நிறையத்தான் செய்தது. ஆனால் அவள் கேட்க நினைத்தது, கூப்பிடுகிறவள் சந்தோஷமாக இருக்கிற இடத்திலிருந்து கூப்பிடுவதை. அங்கே போனால் தானும் ஒரு புதுசு. தன்னையும் யாராவது ஒரு சின்னப் பெண் கையைப் பிடித்துச் சொல்லித்தருவாள். யார் பெயரைச் சொல்லி ஜெபிப்பது என்று தேட வேண்டும். போகாவிட்டால், மெலிந்த இந்தத் தோள் அங்கே தனியாக ஷட்டரைத் திறந்து உள்ளே போகும்.

வெளியே ஆட்ரியன் ஹாரன் அடித்தான். “ரெபேக்! பஃபலோ தாண்டுறதுக்குள்ள பார்டர்ல கூட்டம் ஏறிரும்!”

“இந்தா வாறேன்!” என்று ஜன்னல் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, ரெபெக்கா விரிப்பின் நாலு முனையையும் தானே சேர்த்து, தட்டிச் சமனாக்கி, கட்டில்மேல் வைத்தாள்.

“அத்தான் நாளைக்கு என்ன சொல்லப் போறாரு எக்கா?”

கிருபாராணி தலையணை உறை ஒன்றை எடுத்து உதறினாள். அதை இரண்டாக மடித்தாள். பிறகு நாலாக.

ரெபெக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அக்காவின் முழங்கையை ஒருமுறை தொட்டுவிட்டு, அறையைவிட்டு வெளியே போனாள்.