கொதிப்பண்ணனின் கைக்குட்டை

வண்டியின் முகப்புக் கம்பிகள்மேல் கைக்குட்டையை விரித்து வைத்து, இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு, கொதிப்பண்ணன் தன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். உள்ளே ரேடியேட்டர் விசிறி காற்றை இழுக்க, துணி கம்பியோடு அப்பிக்கொண்டால், “உசுரு இருக்கு” என்பார். நழுவி விழுந்தால், “இழுப்பு நின்னுபோச்சு” என்று நாடி பிடித்த வைத்தியர் போல உதட்டைப் பிதுக்குவார்.

சூடேறும் வண்டிகள் மட்டும்தான் அவருக்கு. பிரேக், கிளட்ச் என்று வருகிறவர்களுக்கு அடுத்த பட்டறையைக் கை காட்டிவிடுவார். கொதிக்கிற வண்டிகளோடும் அதைவிடக் கொதிக்கிற முதலாளிகளோடும் குப்பை கொட்டியதில் பெயர் ஒட்டிக்கொண்டது. மனுஷர் என்னவோ பானைத் தண்ணீர். “தாலி கட்டின நாள்லேருந்து இந்த ஆளைக் கொதிக்கவைக்கப் பாக்குறேன், வெதுவெதுன்னுகூட ஆகலை” என்பது அவர் மனைவியின் தீராத மனக்குறை.

சோதித்துப் பார்க்க வண்டியில் ஏறினால் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கை. ஜன்னல் கண்ணாடி அடிவரை இறங்கியிருக்க வேண்டும். மழை முகத்தில் அடித்தாலும் ஏற்ற மாட்டார். “இஞ்சின ஆத்துற கூலன்ட் தண்ணி கசிஞ்சா இனிப்பா ஒரு வாடை வரும். கண்ணாடிய ஏத்தினா வாடை உள்ளேயே தங்கிடும். அப்புறம் மூக்கு ஏமாந்துடும்.”

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் சிரிப்பார். “பேய் ஏன் மெதுவாப் போற வண்டியவே பிடிக்குது தெரியுமா? வேகமாப் போனா எதிர்காத்தே இஞ்சின ஆத்திடும். பேய்க்கு வேலையில்ல.”

அந்தச் சிரிப்போடுதான் சாம்பல் நிறக் கார் ஒன்றை உள்ளே விடச் சொன்னார். ஓட்டி வந்தவன் மகன். பின்னிருக்கையில், கழுத்திலிருந்து அளவு நாடாவைக் கழற்ற மறந்த தையல்காரம்மா.

“நேர் ரோட்ல பட்டு மாதிரி போகுதுண்ணே. கல்லறைத் தோட்டத்து கேட் வந்ததும் பொங்கிடுது. ஒவ்வொரு தடவையும் அதே இடம். அப்பா அங்கதான் இருக்காரு. அம்மா பாத்தா, அவர் கூப்பிடுறாருன்னு சொல்லிக்கிட்டு அங்கேயே இறங்கி நின்னுடுறாங்க. இன்னிக்குச் சரியாகலைன்னா நாளைக்குப் பழைய இரும்புக் கடைதான்.”

“வண்டி என்னோடது. கடைக்குப் போறதா இருந்தா நான் உள்ள உக்காந்துக்கிட்டே போவேன்” என்றார் அம்மா, குரலை உயர்த்தாமல்.

“கேட் கிட்ட எப்பவும் நெரிசல், தம்பி. வண்டி ஊர்ந்து போறப்போ விசிறிதான் காத்த இழுக்கணும். விசிறி சுத்துதா?”

“சுத்துதுண்ணே. பாத்தவங்க எல்லாரும் சுத்துதுன்னு சொல்லிட்டு வேற என்னென்னவோ மாத்தினாங்க.”

இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். சூடு காட்டும் முள் மெல்ல ஏறியது. விசிறி உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. கொதிப்பண்ணன் கைக்குட்டையை வைத்துக் கையை எடுத்தார்.

துணி ஒட்டவில்லை, விழவும் இல்லை. எழுந்து, யாரோ உள்ளிருந்து ஊதியதுபோல உப்பி, அவர் முகத்தில் வந்து போர்த்திக்கொண்டது.

எடுத்தார். திரும்ப வைத்தார். திரும்பவும் முகத்தில். இளஞ்சூடாக, இனிப்பாக ஒரு மூச்சு.

அம்மா அருகில் வந்து கம்பிகளுக்கு முன்னால் குனிந்தார். “இது அவர் மூச்சு. கடைசியில சர்க்கரை ஏறிக் கிடந்தப்போ இப்படித்தான் இனிப்பா அடிச்சுது.”

‘அது கூலன்ட் வாடை’ என்று ஆயுள் முழுக்கச் சொன்னவர், அன்று கைக்குட்டையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

இஞ்சினை நிறுத்தி, விளக்கோடு உள்ளே தலையை விட்டார். விசிறிக்குப் போகும் இரண்டு ஒயர்களும் இடம் மாறி இணைந்திருந்தன. சிவப்போடு கறுப்பு, கறுப்போடு சிவப்பு. விசிறி தலைகீழாகச் சுற்றி, உள்ளே இழுக்க வேண்டிய காற்றை வெளியே தள்ளியிருக்கிறது. இணைப்பின்மேல் டேப் இல்லை. நெருக்கமாகச் சுற்றிய நீல நூல், முனையில் சின்ன முடிச்சு.

“யார் கட்டினது?”

“அவர்தான். பழைய விசிறி போச்சுன்னு புதுசு மாட்டினார். டேப் கிடைக்கலைன்னு என் நூல்கண்டை எடுத்துக்கிட்டுப் போனார். அது நான் சொல்லிக்கொடுத்த முடிச்சு. மறுநாள் ஆஸ்பத்திரி.” அம்மா அந்த நீல முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். “அப்பவே கண்ணு மங்கிப்போச்சுண்ணே. சிவப்பும் கறுப்பும் அவருக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சிருக்கும்.”

“அறுத்து மாத்திடுங்க” என்றான் மகன்.

கொதிப்பண்ணன் அறுக்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

“மாத்தினா இந்த மூச்சு வராதா?”

“வராதும்மா. வண்டி இருக்கும்.”

அம்மா “கத்தரி வேணாம்” என்று சொல்லிக் குனிந்து, நகத்தாலேயே முடிச்சை அவிழ்த்து, நூலைப் பிரித்து விரலில் சுற்றிக்கொண்டார். கொதிப்பண்ணன் ஒயர்களை இடம் மாற்றி, டேப் சுற்றினார். சூடேறி மறுபடி விசிறி ஓடியபோது கைக்குட்டை சப்பென்று கம்பியில் ஒட்டியது. “உசுரு இருக்கு” என்று அவர் சொல்லவில்லை.

மூவரும் கிளம்பினார்கள். கல்லறைத் தோட்டத்து கேட்டில் வழக்கமான நெரிசல். முன்னும் பின்னும் வண்டிகள், நகர வழியில்லை. முள் நடுவில் நின்றது, நின்றபடியே இருந்தது. புகை இல்லை, சொட்டு இல்லை. மகன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான்.

அப்போதுதான் அது வந்தது. மெல்ல, இளஞ்சூடாக, இனிப்பாக. இஞ்சின் பக்கமிருந்து அல்ல, பின்னிருக்கைப் பக்கமிருந்து. கொதிப்பண்ணன் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தார். தையல்காரம்மா கண்களை மூடியிருந்தார், நீல நூல் சுற்றிய விரல் மூக்கருகே.

மகன் முகத்தைச் சுளித்தான். “என்னண்ணே, இன்னும் கசியுதா?”

“இல்ல தம்பி. நீ ரோட்டைப் பாரு.”

சொல்லிவிட்டு, கொதிப்பண்ணன் தன் பக்கத்து ஜன்னல் கைப்பிடியைப் பிடித்து, சத்தம் வராமல், கண்ணாடியை மேல்வரை ஏற்றினார்.