கடைசிக் கம்பத்து ஓவன்

"இதுக்கு முன்னாடி ஓவன் யூஸ் பண்ணியிருக்கீங்களாம்மா?"

தஞ்சாவூரிலிருந்து மூன்றாவது முறையாக வந்த சர்வீஸ்காரர் கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டு என் சமையலறையை ஒரு நோட்டம் வேறு விட்டார். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. இரண்டு பஸ் மாறிப் போய் ஆறு மாதம் பேக்கரி வகுப்பு படித்தவள் நான். அதற்கு முன்னால் தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள். கேக் போட்டே பிழைத்துக்கொள்வேன் என்று வீட்டில் சவால் விட்டு, வேலையை விட்டுவிட்டு இந்த ஓவனை வாங்கினேன்.

ஓவன் அடியோடு சூடாகவில்லை என்றால்கூட மனசு ஆறிவிடும். இது சூடாகும். ஆனால் அரை மணியில் வேக வேண்டிய கேக், ஒன்றேகால் மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். மேலே காய்ந்துபோகும், குத்திப் பார்த்தால் குச்சியில் மாவு ஒட்டிக்கொண்டு வரும். முதல் தடவை வந்தவர் கீழ் ராடை மாற்றினார். இரண்டாவது தடவை தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டு, அதுவும் சரிப்படாததால் ஓவனையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே ஜம்மென்று சூடாகிறதாம். திரும்பக் கொண்டுவந்து வைத்த அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஆர்டர் ஒப்புக்கொண்டிருந்தேன். பெரிய தெருவில் இருக்கும் ரிட்டயரான டீச்சரம்மா, பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு இரண்டு கிலோ கேக் கேட்டிருந்தார். எங்கள் தெருவில் இருப்பவை, அந்தத் தெருக்காரர்களின் வயலில் நாற்று நட்டுக் கதிர் அறுத்த குடும்பங்கள். இப்போது நர்ஸ், போலீஸ், சொந்தமாக இரண்டு மா நிலம் வைத்திருப்பவர் என்று எல்லாரும் இருக்கிறோம். ஆனாலும் எங்கள் வீட்டில் சமைத்ததை அந்தத் தெருவில் யாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை. இந்தக் கேக் நன்றாக வந்தால் என் தொழில் நிற்கும். நடுவில் மாவாக இருந்தால், "அந்தத் தெருக் கேக்குதானே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் தெரிந்தவரிடம் ஒரு மல்டிமீட்டர் வாங்கிவந்தார். ஓவனைப் போட்டுவிட்டுப் பக்கத்துப் பிளக்கில் வைத்துப் பார்த்தார். நூற்று எழுபது.

"ஓவன்ல ஒண்ணும் இல்ல. நம்ம வீட்டுக்கு வோல்டேஜே முக்கால்வாசிதான் வருது" என்றார்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வோல்டேஜ் முக்கால் பங்கானால் ராடு தரும் சூடு ஏறக்குறைய பாதியாகிவிடும். இதைக் கரும்பலகையில் போட்டு எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன்! என் வீட்டிலேயே அது நடக்கும்போது என் கையைச் சந்தேகப்பட்டேன், மைதாவைச் சந்தேகப்பட்டேன், முட்டையைக்கூட விடவில்லை.

டிரான்ஸ்பார்மர் பெரிய தெரு முனையில் இருக்கிறது. அவர்கள் வீடுகளையெல்லாம் தாண்டி, வாய்க்காலையும் தாண்டி, கடைசிக் கம்பம் எங்களுடையது. ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவில்லை என்றால் இந்த ஊரில் இரண்டு தெருவும் சேர்ந்து பஸ்ஸை மறிக்கும். கரண்டுக்கும் ஒரு கடைமடை உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கே தோன்றவில்லையே! ஃபேன் என்றால் இறக்கையை எண்ணும்படிதான் சுற்றும் என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டோம். லைன்மேனுக்குப் போன் போட்டேன். "உங்க தெருவுலேருந்து இதுவரைக்கும் ஒருத்தரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையேம்மா. மனு எழுதிக் குடுங்க, பாப்போம்" என்றார். அவர் பார்ப்பதற்குள் அந்தக் குழந்தைக்கு அடுத்த பிறந்தநாளே வந்துவிடும்.

சனிக்கிழமை டீச்சரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கென்னம்மா, எங்க வீட்டுல கரண்ட் நல்லா வரும். ஓவனை எடுத்துட்டு வந்துடு" என்றார். மனசு குளிர்ந்துபோய், ஓவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் போனோம். வாசலில் நின்றிருந்த டீச்சரம்மா, "கொல்லைப் பக்கமா வந்துடு" என்று கை காட்டினார். அங்கே மாட்டுக் கொட்டகையில், புல் வெட்டும் மெஷினுக்காகப் போட்ட பிளக் ஒன்று இருந்தது. எனக்காகத் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

"சமையக்கட்டுல வெச்சுக்கலாமாங்க?" என்று கேட்டேன்.

"அது சாமிக்குப் பண்ற எடம்மா. முட்டையெல்லாம் அங்க ஆகாது."

அந்தச் சமையற்கட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் விரால் மீன் குழம்பு மணப்பது ஊருக்கே தெரியும். மீனுக்கு ஆகும் இடம், அவர் பேத்தியின் கேக்குக்கு நான் உடைக்கும் முட்டைக்கு ஆகாதாம். கையோடு கொண்டுவந்திருந்த மீட்டரைப் பிளக்கில் வைத்துப் பார்த்தேன். இருநூற்று முப்பது. மாட்டுக்கு முழுக் கரண்ட், எங்களுக்கு முக்கால் கரண்ட்!

"கேக் நாளைக்கு வந்துடும்ங்க. எங்க வீட்டுலயே போட்டுடுறேன்" என்று சொல்லிவிட்டு, ஓவனைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றினேன். வாய் சொல்லிவிட்டது. எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியாது.

வழியில் வீட்டுக்காரர்தான் சொன்னார். "நம்ம தெருவுல எல்லாரும் ஒரு மணி நேரம் ஆஃப் பண்ணா, வோல்டேஜ் கொஞ்சம் ஏறும்." அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போய்க் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் தெருவில் மற்ற முப்பது வீட்டிலும் மெயினை இறக்கினார்கள். கறிக்கு அரைத்துக்கொண்டிருந்த மசாலா மிக்சியில் பாதியோடு நின்றது. டிவி, பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் அடங்கின. சித்திரை வெயிலில் ஆள்கள் வேப்ப மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார்கள். எதிர் வீட்டுப் பெண், தூளியில் கிடந்த கைக்குழந்தைக்குக் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். மீட்டர் இருநூற்று ஐந்தைக் காட்டியது. வாங்கியதிலிருந்து ஒருநாளும் இல்லாதபடி ராடு செக்கச்செவேலென்று ஆயிற்று. கேக் நன்றாக உப்பி, நடுவரைக்கும் வெந்து வந்தது.

எனக்குச் சந்தோஷமே வரவில்லை. யாரோ ஒரு பிள்ளையின் கேக் வேக எங்கள் தெருப் பிள்ளை வியர்த்துக் கிடந்ததை நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

மாலையில் கேக்கை எடுத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் முன்வாசல் வழியாகவே உள்ளே போனேன். கூடத்தில் ஏசி ஓடியது. கேக்கை வெட்டினார்கள், எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். டீச்சரம்மா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "பஞ்சு மாதிரி இருக்கும்மா. ஓவன் சரியாயிடுச்சா? என்ன ரிப்பேராம்?" என்று கேட்டார்.

"ஓவன்ல ரிப்பேர் இல்லைங்க. காலையில எங்க தெருவுல முப்பது வீட்டுல கரண்ட நிறுத்திட்டு உக்காந்திருந்தாங்க. அதுலதான் இது வெந்துச்சு."

"ஐயய்யோ, எதுக்கும்மா இவ்வளவு கஷ்டம்? நம்ம கொட்டகையிலயே போட்டிருக்கலாமே!" என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"முப்பது வீட்டுக்கும் போய்க் கேட்டேங்க, டீச்சரம்மா. ஒருத்தர்கூட என்னைக் கொல்லைப் பக்கமா வரச் சொல்லலைங்க" என்றேன்.

டீச்சரம்மா கையில் மிச்சம் இருந்த கேக்கைத் தட்டில் வைத்தார்.