இரண்டு வேங்கை

கத்தரியின் முனை புலியின் முதுகுக்கடியில் நுழைந்தது. துணியில் படாமல் கறுப்பு நூலை மட்டும் வெட்ட வேண்டும். அவளுடைய மற்றக் கை இழை இழையாக உருவிக்கொண்டிருந்தது.

தவறு கடை நடத்தும் அவள் அண்ணனுடையது. உயிரியல் பூங்காவின் கூடத்துக்கு இரண்டு தொங்குதிரை வேண்டும், ஒன்றில் வேங்கை, இன்னொன்றிலும் வேங்கை என்று பூங்கா மேலாளரம்மா போனில் சொல்ல, அவர் ஜோடிப் புலி என்று தங்கையிடம் சொல்லிவிட்டார். ஒன்று விலங்கு, மற்றது பூக்கும் மரம். பெயர் ஒன்றாக இருப்பதால்தான் பக்கம் பக்கமாக மாட்டுகிறார்கள் என்பது காலையில்தான் தெரிந்தது. மாலையில் மேலாளரே வருகிறார். அதற்குள் இரண்டாவது புலியைப் பிரித்து மரமாக்க வேண்டும்.

"உங்க அண்ணன் காதுல பாதிப் பேச்சுதான் விழும். மீதிய அவரே பேசிப்பார்" என்றாள் அண்ணி.

கடைக்குப் பின்னாலிருந்த எம்பிராய்டரி அறைக்குத் தனி வாசல் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். புருஷன் விட்டுப்போனதிலிருந்து தங்கைக்கு இதுதான் உலகம். வெளியே போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பது அண்ணன் கட்சி. பூங்காவிலேயே தங்கித் தையல் வேலை செய்ய ஆள் வேண்டுமென்று மேலாளர் கேட்டதையும், அப்படி யாருமில்லை என்று அண்ணன் சொல்லிவிட்டதையும் அண்ணிதான் வந்து சொன்னாள்.

மேலாளர் அனுப்பிய வேங்கைமரப் படத்தைப் பார்த்துத் தைத்தாள். புலியின் மஞ்சளில் செம்மண் கலந்திருந்தது. பூவின் மஞ்சளில் கலப்பே இல்லை. இதழோரம் கசங்கியதுபோல் சுருங்க, நூலைச் சற்று இறுக்கினாள். உதிர்ந்த பூக்கள் கரும்பாறையில் கிடந்தால் புலி படுத்திருப்பதுபோல் தெரியுமாம். அதனால் பழைய புலியின் கறுப்புக் கோடுகள் எல்லாவற்றையும் பிரிக்காமல் சிலதைப் பாறையாக்கிவிட்டாள்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "அவங்க வர்றப்ப நீ உள்ளயே இரு. நான் குடுத்துக்கறேன்."

"புலிய அடைச்சா சுவரோரமாச் சுத்திக்கிட்டே இருக்கும். மரம் நட்ட இடத்துல நிக்கும். என்னை எந்த வேங்கைன்னு நினைச்சிருக்கீங்க அண்ணே?"

அவர் கழுத்திலிருந்த அளவுநாடாவைச் சரிசெய்துகொண்டார். "முடிஞ்சிடுமான்னு மட்டும் சொல்லு."

மாலையில் புலித்திரையை மட்டும் அண்ணனிடம் கொடுத்தனுப்பினாள். மரத்தில் முடிச்சு பாக்கி என்றாள். பாக்கி ஒன்றுமில்லை. முன்பக்கக் கடையில் மேலாளரின் குரல் கேட்டதும் மரத்திரையை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணன் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அவள் மேசையைச் சுற்றிப் போய் மேலாளரின் கையில் வைத்தாள்.

மேலாளர் ஓர் இதழைத் தடவிப் பார்த்தார். "இது யார் போட்டது?"

"நான்தாம்மா" என்று சொன்ன பிறகே துணியின் ஓரத்தை விட்டாள்.