பெண்கள் பக்கத்துத் தூண்

எனக்கு எட்டு வயதான கோடை விடுமுறையில் என் அம்மா ஒரே படத்தைப் பதினோரு நாள் பார்த்தாள். அது சிரிப்புப் படம். பதினோரு நாளும் அவள் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்.

கம்பத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது அந்தத் தியேட்டர். தாத்தா காலத்தில் கீற்றுக் கொட்டகையாகத் தொடங்கி, பிறகு சுவரும் தகரக் கூரையும் வந்துவிட்டாலும் ஊர் அதைக் கொட்டகை என்றே சொன்னது. மேட்னிக்கு முன்னால் கூரைமேலிருந்த குழாய் ஸ்பீக்கரில் சாமி பாட்டுப் போடுவார்கள். வயலில் நடவு நடும் பெண்கள் அதைக் கேட்டுத்தான் கரையேறிச் சாப்பிட உட்காருவார்கள். ஆற்றில் வெள்ளம் வந்த வருடம் கரையோரத்துக் குடும்பங்கள் பத்து நாள் அங்கேதான் தங்கியிருந்தன. திரைக்கு முன்னால் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினார்களாம். எங்கள் பள்ளிக்கூட ஆண்டுவிழா நடந்ததும் அதே திரைக்கு முன்னால்தான். உள்ளே ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்று உண்டு. சுருளிப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வரும் பெண்கள்கூட ஆண்துணை இல்லாமல் வந்துபோக அந்தச் சுவர் போதுமானதாக இருந்தது.

அந்த வருடம் பங்குனிக் கடைசியில் என் தம்பி இறந்துபோனான். மூன்று வயது. மூன்று நாள் காய்ச்சல். தேனிக்குக் கொண்டுபோன கார் சின்னமனூரைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்தோடு வீட்டில் அழுகை நிறுத்தப்பட்டது. நிறுத்தியவள் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி. பெரியப்பா மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்ததால் மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தம்பி வளர்ந்தது பெரியம்மாவின் இடுப்பில், தூங்கியது அவளுடைய பாயில்.

“இந்தா பாரு, நீ அழுதா வயித்துல இருக்கது சுருங்கிப்போகும். இனி இந்த வீட்டுல ஒருத்தர் கண்ணுலயும் தண்ணி வரக் கூடாது” என்று அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா மூன்று மாதக் கர்ப்பம். எனக்கு அது புரியவில்லை. வயிற்றில் இருப்பது சோறுதான் என்று எண்ணிக்கொண்டேன். தம்பியின் சட்டைகளும் நடைவண்டியும் ஒரே நாளில் காணாமல் போயின. அம்மா அடுப்படியில் நின்றால் பெரியம்மாவும் போய் நிற்பாள். அம்மா கொல்லைக்குப் போனால் இவளும் ஏதாவது சாக்குச் சொல்லிப் பின்னாலேயே போவாள்.

ஒரு மத்தியானம் அம்மா சொன்னாள்: “அக்கா, இவ படத்துக்குப் போகணும்னு ஒரே அடம். போய்ட்டு வந்துறோம்.”

நான் எந்த அடமும் பிடிக்கவில்லை. ஆனால் படத்துக்குப் போவதை யாராவது வேண்டாம் என்பார்களா? வாயை மூடிக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழித்த அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எங்களை உள்ளே கூட்டிப்போய், கூரையைத் தாங்கிய பெரிய தூண் ஒன்றின் ஓரத்தில் பெஞ்சைக் காட்டினாள். “இங்கன உக்காருங்க. இங்கன யாரும் வர மாட்டாக.”

வரமாட்டார்கள்தான். அங்கிருந்து பாதித் திரை தெரியாது. கதாநாயகன் ஓடிவருவது தெரியும், எதில் தடுக்கி விழுந்தான் என்பது தெரியாது. கொட்டகை முழுக்கச் சிரிக்கும்போது நான் கழுத்தை நீட்டி நீட்டி வலித்ததுதான் மிச்சம். விளக்கு அணைந்ததும் அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாள். அவள் தோள் குலுங்குவது பெஞ்சு வழியாக எனக்கும் வரும். அடுத்த தூணோரத்தில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒருத்தி தினமும் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளும் திரையைப் பார்த்ததில்லை. ஒரு நாள் இடைவேளையில் தன்னிடமிருந்த தண்ணீர் பாட்டிலை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா வாங்கிக் குடித்தாள்.

தெருவில் எனக்குப் ‘படப் பைத்தியம்’ என்று பெயர் வந்துவிட்டது. பத்தாம் நாள் வீடு திரும்பியதும் பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏ ஆத்தா, வீட்டுல எழவு விழுந்து ஒரு மாசம் ஆகல. தெனம் ஒனக்குப் படம் கேக்குதா?”

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “நான் ஒண்ணும் கேக்கல. அம்மாதான் கூட்டிட்டுப் போகுது. அங்கன உக்காந்து அழுகுது!”

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே தட்டில் நின்றது. அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். எனக்கு அடி விழப்போகிறது என்று நினைத்தேன். யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் சாமி பாட்டுக் கேட்டதும் பெரியம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். “கெளம்பு, நானும் வாரேன்” என்றாள் அம்மாவிடம். அம்மா மறுப்புச் சொல்லாமல் எழுந்தாள். காவலுக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

டிக்கெட் அக்கா மூன்று பேரையும் அதே தூணோரத்துக்கு அனுப்பினாள். நான் நடுவில். விளக்கு அணைந்தது. படத்தின் பெயர்கூட ஓடி முடியவில்லை, எனக்கு வலப்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது, தொண்டையில் எதுவோ அறுந்ததுபோல. பெரியம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். “என் ராசா, என் ராசா” என்று மட்டும் சொன்னாள். அம்மா என் மடிக்கு மேலாகக் கையை நீட்டி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். படம் முடியும்வரை விடவில்லை. சுற்றிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு மானம் போய்விடுமே என்று நானும் அவர்களோடு சேர்ந்து உரக்கச் சிரித்தேன்.

ஐப்பசியில் தங்கை பிறந்தாள். எதுவும் சுருங்கியிருக்கவில்லை; கொழுகொழு என்றிருந்தாள். இன்று அந்தக் கொட்டகையில் நடுச்சுவர் கிடையாது. நம்பர் போட்ட நாற்காலியை போனிலேயே பிடித்துவிடலாம். தங்கை தன் பிள்ளைகளோடு போய்வருகிறாள். இதெல்லாம் அவளுக்கு நான் சொன்னதில்லை.

பெரியம்மா எங்களோடு வந்ததற்கு அடுத்த நாள் காலை, அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கத் திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன். தூக்குவாளியை வாங்காமலே கேட்டார்.

“நேத்து அம்மா அழுதாளா?”

“ஆமா.”

“பெரியம்மா?”

“பெரியம்மாவும்தான்.”

“நெறையவா?”

என்மேல் குற்றம் வந்துவிடக் கூடாதே என்று உண்மையைச் சொன்னேன். “ரெம்ப நெறைய.”

அப்பா கோபப்படவில்லை. “சரித்தா, நல்லது” என்றார். அவர் முகம் தெளிந்தது எனக்குப் புதிராக இருந்தது. “இங்கனயே இரு, வந்துறேன்” என்று குனிந்து பந்தலுக்குள் போனார். நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் ஆயிற்று, கஞ்சி ஆறி ஆடை கட்டிவிட்டது. குலை பார்க்கப் போயிருக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டேன். போன வாரமே அறுப்பு முடிந்து, அந்தப் பந்தலில் ஒரு குலைகூட மிச்சமில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.