கெட்டிலுக்குள் இரண்டு கண்கள்

கண்ணால் பார்க்காத எதையும் அவர் வரைந்தது கிடையாது. இதை அவர் எல்லோரிடமும் சொல்வார். முடி வெட்டுகிறவரிடம் சொல்வார், தபால்காரரிடம் சொல்வார். ராங் நம்பரில் கூப்பிட்ட ஒருவரிடம்கூடக் கால் மணி நேரம் சொன்னார் என்று அவர் மனைவி சத்தியம் செய்வாள்.

மூன்றாம் வகுப்போடு அவர் படிப்பு முடிந்தது. அப்புறம் ஏணி தூக்கினார். கடைப் பலகை எழுதும் ஒருவருக்காக ஏணியைச் சுமந்துகொண்டு தெருத் தெருவாக அலைந்தவர், இரண்டே வருஷத்தில் அந்த ஏணி மேல் ஏறினார். நாலு வருஷத்தில் அவர் கை படாத பலகை கடைத்தெருவில் இல்லை. எழுதுவதில் பாதிக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் ஓர் எழுத்தின் வயிறு எங்கே உப்ப வேண்டும், வால் எங்கே சுழிக்க வேண்டும் என்பதில் எந்தப் பட்டதாரியும் அவர் பக்கத்தில் நிற்க முடியாது. முப்பது வயதில் எண்ணெய்ச் சாயத்துக்கு வந்தார். யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வந்த ஒரே ஒருவரையும் உட்கார வைத்து, தன் படங்களைக் காட்டி, வாயடைத்துப் போகும்படி செய்து அனுப்பிவிட்டார்.

மலை, கடல், நிலா எதுவும் அவருக்கு வேண்டாம். விளிம்பு உடைந்த கோப்பை, கால் ஒடிந்த மூக்குக் கண்ணாடி, பாதி உரித்த வெங்காயம், துருப்பிடித்த பூட்டு. அந்தப் பூட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, சாவி வெட்டுகிற ஒருவர், "இதுக்குச் சாவி நான் போட்டுத் தர்றேன் அண்ணே" என்றார். கேலிக்குச் சொல்லவில்லை. அவ்வளவு கச்சிதம்.

பொருள்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உயிர் இருக்கும். கோப்பை விளிம்பில் ஒரு வண்டு, செருப்புக்குள் ஒரு தவளை. பொருள் சொன்ன இடத்தில் இருக்கும், பிராணி இருக்காதே! அதற்கும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மூடி போட்ட தகர டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜுக்குள் பத்து நிமிஷம். வெளியே எடுத்தால் வண்டும் தவளையும் குளிரில் மரத்து, சொன்ன பேச்சைக் கேட்கும். அவர் கோடு போட்டு முடிக்கும்போது உடம்பு சூடேறித் துள்ளிப் போய்விடும். ஒன்றுக்கும் சேதமில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத வித்தை இது என்று அதையும் அவர் ஊரெல்லாம் சொன்னார்.

மகளுக்கு ஒன்பது வயது. பஞ்சு என்று ஒரு வெள்ளெலி வளர்த்தாள். பள்ளிக்கூடம் போகும்போது அதனிடம் சொல்லிக்கொண்டு போவாள். வந்ததும் முதலில் கூண்டுக்குத்தான் ஓடுவாள்.

ஒரு நாள் முற்பகல், வீட்டில் யாரும் இல்லை. மேஜை மேல் கறுப்புத் துணி விரித்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தை வைத்திருந்தார். வெள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு வெள்ளை கேட்டது படம். அவர் பஞ்சுவைக் கூண்டிலிருந்து எடுத்தார், டப்பாவில் போட்டார், மூடினார், ஃபிரிட்ஜில் வைத்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆள். புதுக் கடைக்குப் பலகை எழுத வேண்டுமாம். வந்தவர் வந்த காரியத்தைச் சொல்லிவிட்டு, சுவரில் இருந்த பூட்டைப் பார்த்து, "இது நீங்க வரைஞ்சதா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. ஏணியில் ஆரம்பித்தார் இவர். வந்தவர் விடைபெற்றுப் போகும்போது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

டப்பாவைத் திறந்தபோது பஞ்சு ஒருக்களித்துக் கிடந்தது. அதன் சிவந்த கண்கள் திறந்திருந்தன. உள்ளங்கையில் வைத்து ஊதினார், தேய்த்தார், சட்டைக்குள் போட்டு நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகு அதைக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்து, உட்கார்ந்திருக்கிற மாதிரி நிமிர்த்தினார்.

ஏன் அப்படிச் செய்தோம் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. கை தூரிகையை எடுத்தது. இவ்வளவு அசையாமல் எந்த உயிரும் அவருக்கு உட்கார்ந்ததில்லை. மீசையின் ஒவ்வொரு மயிரும் வந்தது. காதின் உள்பக்கத்து இளஞ்சிவப்பு வந்தது. கழுத்தில் ஒரு நீல நூல் முடிச்சு இருந்தது, அதுவும் வந்தது. அவர் வாழ்நாளில் வரைந்த படங்களிலேயே அதுதான் உசத்தி. மூன்று மணிக்குள் முடித்தார். பஞ்சுவைக் கொல்லையில் புதைத்து, மேலே செங்கல்லை வைத்தார். படத்தைப் பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைத்தார்.

மகள் வந்து காலிக் கூண்டின் முன் நின்றபோது, "நான் காலையிலேயே வெளிய போயிட்டேன். வந்து பாத்தா கூண்டு திறந்து கிடக்கு. கதவைச் சரியா சாத்தலை நீ" என்றார்.

அம்மாவும் தன் பங்குக்குத் திட்டினாள். குழந்தை எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு மாதம் ஜன்னலோரம் கேரட் துண்டு வைத்தாள். அதற்குப் பிறகு எந்தக் கதவைச் சாத்தினாலும் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள்.

படம் காய்ந்ததும் அதை அழிக்க உட்கார்ந்தார். சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மேலே வேறு வரைய வேண்டும், அது பலகைக் காலத்திலேயே தெரிந்த பாடம். சுரண்டாமல் எழுதினால், நாள்பட நாள்படச் செருப்புக் கடைக்கு அடியிலிருந்து மருந்துக் கடை எட்டிப் பார்க்கும். எண்ணெய்ச் சாயமோ வயதாக ஆகக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். எல்லாம் தெரிந்தவர்தான். ஆனால் கத்தி அந்தக் கண்ணுக்கு நேராகப் போனதும் கை நின்றுவிட்டது. இன்னொரு தடவையா என்று கேட்டது கை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு, அடுப்படியிலிருந்து அலுமினிய கெட்டிலை எடுத்து வந்து, அதைப் பார்த்து, பஞ்சு மேலும் கிண்ணத்தின் மேலும் அவசர அவசரமாக மெல்லிசாக வரைந்து மூடினார்.

அன்றிலிருந்து முப்பத்தொரு வருஷமாக அவர் ஃபிரிட்ஜைத் திறந்ததில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் மனைவியைத்தான் கூப்பிடுவார். "மகாராஜாவுக்கு ஃபிரிட்ஜ் கதவு கனக்குது" என்பாள் அவள். வண்டு, தவளை, அணில் என்று பிறகும் வரைந்தார், டப்பாவில் அடைக்காமல், அவை நிற்கிற நேரம் மட்டும் பார்த்து. பார்த்தவர்கள், "அப்படியே உயிரோட இருக்கு" என்றார்கள். அவருக்கு மட்டும் எல்லாம் ஒருக்களித்துக் கிடந்ததை யாரோ நிமிர்த்தி வைத்த மாதிரியே தெரிந்தன.

மகளுக்குக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகும்போது, "எந்தப் படம் வேணுமோ எடுத்துக்கோ" என்றார். அவள் நேராகக் கெட்டிலிடம் போனாள். பூட்டைத் தருகிறேன், வெங்காயத்தைத் தருகிறேன் என்று பேரம் பேசிப் பார்த்தார். "இது நம்ம வீட்டுக் கெட்டில்ப்பா" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் வீட்டுக்குப் போனால் அவர் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

போன வாரம் ஃபோன் வந்தது.

"அப்பா, உங்க கெட்டில்ல என்னமோ இருக்கு."

"கெட்டில்ல என்ன இருக்கும்? தண்ணி இருக்கும்."

"விளையாடாதீங்க. ரெண்டு புள்ளி, சிவப்பா. எங்க நின்னாலும் என்னையே பாக்குது."

"சுவத்துல ஈரம் இறங்கியிருக்கும்."

"துடைச்சும் பாத்துட்டேன். போகலை."

"துடைச்சியா? இனிமே அதுல கை வைக்காதே! நானே வந்து சரி பண்றேன்."

சாயப் பெட்டியோடு அவர் கிளம்புவதைப் பார்த்து மனைவி, "மகளுக்குக் காய்ச்சல்னப்போ நாளைக்குப் போறேன்னாரு. கெட்டிலுக்குக் காய்ச்சல்னதும் ஓடுறாரு" என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். எதற்கும் கால் மணி நேரம் பேசுகிறவர் இப்படிப் போனதில் அவளே பயந்துபோனாள்.

மகள் வீடு மூன்றாவது மாடி. உள்ளே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். டக், டக், டக். மூன்று தடவை. வேலைக்குப் போகிற வழியில் பாதி தூரம் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பதாக அவள் புருஷன் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னது அவர் ஞாபகத்துக்கு வந்தது.

படத்தை இறக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்தார். கெட்டிலின் வயிற்றில் இரண்டு சிவந்த கண்கள். உற்றுப் பார்த்தால், சாம்பல் நிறத்துக்கு அடியில் வெள்ளையாக ஒரு வட்டம் திரள்வது தெரிந்தது. இவ்வளவு காலம் உள்ளே இருந்துகொண்டு அவரைப் பார்த்தபடியே வந்திருக்கிறது. வெள்ளையையும் கறுப்பையும் குழைத்து, தூரிகை நிறைய எடுத்தார். இரண்டே தீற்றல் போதும். இந்த முறை கெட்டியாக மூடிவிட்டால் அவர் காலத்துக்குப் போதும்.

மகள் டீயோடு வந்து பின்னால் நின்றாள். "அது என்னப்பா, கண்ணுக்குக் கீழே நீலமா?"

"எங்க?"

"இங்க. நூல் மாதிரி. முடிச்சுகூட இருக்கு."

"அது வந்து, கெட்டில் மேல ஜன்னல் நிழல் விழும்ல..."

"நிழல்ல முடிச்சு இருக்குமா?" டீயை ஜன்னல் திட்டில் வைத்தாள். வெகுநேரம் குனிந்து பார்த்தாள். அவள் குரல் மெல்ல வந்தது. "அந்த நூலை அன்னிக்குக் காலையிலதான் கட்டினேன். பள்ளிக்கூடம் கிளம்புறப்போ. அம்மா தையல் டப்பாவுல எடுத்தது. யார்கிட்டயும் சொல்லலை."

அவர் தூரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பாக்காத எதையும் வரைய மாட்டீங்களேப்பா."

எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தை அது. இப்போது அவரால் ஏணியில் ஆரம்பிக்க முடியவில்லை. டப்பாவில் ஆரம்பித்தார். ஃபிரிட்ஜ், பலகை கேட்டு வந்தவர், ஒன்றரை மணி நேரம், செங்கல். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அவர் வாழ்க்கையில் சொன்ன கதைகளிலேயே சின்னது.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ கூண்டை நான் சாத்தித்தான் இருந்தேனா?"

"நீ சாத்தித்தான் இருந்தேம்மா. கொக்கியும் போட்டிருந்தே."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு அவர் கையிலிருந்த தூரிகையை வாங்கி, அவருடைய பெட்டியில் வைத்து, பெட்டியை மூடினாள். "படம் இப்படியே இருக்கட்டும்."

"நாளாக ஆக முழுசா வந்துரும்மா. காது, மீசை எல்லாம். தினமும் உன்னைப் பாக்கும்."

"பாக்கட்டும். நீங்க கிளம்புங்கப்பா. இன்னைக்கு என்னால பேச முடியாது."

டீ ஆறிப்போய் அங்கேயே இருந்தது. அவர் படி வரை வந்தார். பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. டக். கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு அடுத்த சத்தத்துக்காக நின்றார். பெட்டிக்குள் கழுவாத தூரிகை காய்ந்துகொண்டிருந்தது. கீழிருந்து யாரோ இரண்டு மாடி ஏறி வந்து, அவரைத் தாண்டி மேலே போனார்கள்.

இரண்டாவது சத்தம் வரவேயில்லை.